கையில் சரக்கு இல்லை… ஆனாலும் கடை நடக்கும்! பிரின்ட் ஆன் டிமாண்ட் வியாபாரத்தின் லாப நஷ்டக் கணக்கு

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். திருப்பூரில் ஒரு குடோன். அலமாரி அலமாரியாக வெள்ளை, கறுப்பு, கருநீல டி-ஷர்ட்கள். எதிலும் ஓர் எழுத்து இல்லை; படம் இல்லை. இரவு பத்து மணிக்குச் சென்னையில் ஒரு பெண், தன் செல்போனில் ஒரு டி-ஷர்ட்டைப் பார்க்கிறார். 'சித்தப்பா இருக்க பயமேன்' என்று அதில் எழுதியிருக்கிறது. சிரிப்பு வருகிறது. தன் கொழுந்தனாருக்குப் பிறந்தநாள் பரிசாக ஆர்டர் போடுகிறார். மறுநாள் அந்தக் குடோனில் ஒரு வெற்று டி-ஷர்ட் எடுக்கப்படுகிறது, அச்சாகிறது, கூரியரில் ஏறுகிறது.

இந்த வாசகத்தை யோசித்து, எழுத்தை அழகாக அமைத்தவர் கும்பகோணத்தில் ஓர் இல்லத்தரசி. அவர் அந்த டி-ஷர்ட்டைத் தொட்டதுகூட இல்லை. வாங்கியவரையும் பார்த்ததில்லை. காலையில் எழுந்து செல்போனைப் பார்க்கும்போதுதான் ஒன்று விற்றிருப்பதே அவருக்குத் தெரிகிறது.

இதற்குத்தான் 'பிரின்ட் ஆன் டிமாண்ட்' என்று பெயர். ஆர்டர் வந்த பிறகே அச்சடிப்பது. மெஷின் வாங்க வேண்டாம், சரக்கு வாங்கி அடுக்க வேண்டாம், கடை வாடகை வேண்டாம். கேட்பதற்குச் சர்க்கரையாக இருக்கிறது. அதனால்தான், 'வீட்டிலிருந்தே மாதம் லட்சம் சம்பாதிக்கலாம்' என்ற விளம்பரங்களில் இது அடிக்கடி தலைகாட்டுகிறது.

லட்சம் கிடைக்குமா என்பது இருக்கட்டும். ஒரு சட்டை விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்? அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்கியவர்கள் பிழைக்கிறார்கள். தெரியாமல் இறங்கியவர்கள் சேமிப்பை விட்டுவிட்டு வெளியே வருகிறார்கள். அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒன்றே ஒன்று அச்சடிப்பது எப்படிச் சாத்தியம்?

முன்பெல்லாம் டி-ஷர்ட்டில் படம் போட வேண்டுமென்றால் ஸ்கிரீன் பிரின்டிங்தான். படத்தில் எத்தனை நிறம் இருக்கிறதோ, அத்தனை ஃபிரேம் தயாரிக்க வேண்டும். ஒரு சட்டைக்கும் அதே வேலை, ஆயிரம் சட்டைக்கும் அதே வேலை. அதனால், 'குறைந்தது ஐம்பது பீஸ் எடுத்தால்தான் கட்டும்' என்பார்கள். இன்றும் மொத்த ஆர்டருக்கு அதுதான் மலிவு.

டிஜிட்டல் பிரின்டிங் வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. காகிதத்தில் பிரின்டர் அச்சடிப்பதுபோல், துணியின் மேலேயே நேரடியாக மை தெளித்து அச்சடிப்பது ஒரு முறை. இதை டி.டி.ஜி. என்பார்கள். பருத்தித் துணிக்கு இது நன்றாக இருக்கும். கையால் தடவினால் அச்சு தனியாகத் துருத்தாது. ஃபிலிமில் அச்சடித்து, பசைப்பொடி தூவி, சூட்டில் துணிமேல் ஒட்டுவது இன்னொரு முறை. இது டி.டி.எஃப். பருத்தி, பாலியஸ்டர் என எந்தத் துணிக்கும் இது பொருந்தும். ஆனால் பெரிய படமாக இருந்தால், நெஞ்சில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியதுபோல் இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு வியர்த்துக் கொட்டும்.

காபி மக், மவுஸ் பேட் போன்றவற்றுக்கு சப்ளிமேஷன் முறை. சூட்டில் மை ஆவியாகி மேற்பூச்சுக்குள் இறங்கிவிடும். இதற்கென்று பூச்சு போட்ட மக்தான் வேண்டும்; சமையலறையில் இருக்கும் சாதாரண மக்கில் இது நிற்காது.

இதையெல்லாம் விற்பவர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? அச்சடிப்பது வேறு கம்பெனியாக இருந்தாலும், 'ரெண்டு தடவை துவைச்சதும் உரிஞ்சு போச்சு அக்கா' என்ற புகார் உங்களுக்குத்தான் வரும். மதிப்பெண் குறைவதும் உங்கள் கடைக்குத்தான்.

கடையை எங்கே திறப்பது?

இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, அச்சடிப்பதும் விற்பதும் ஒரே இடம். 1999-ல் அமெரிக்காவில் தொடங்கிய கஃபேபிரஸ், 2006-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் தொடங்கிய ரெட்பபிள், 2015-ல் அமேசான் தொடங்கிய மெர்ச் சேவை ஆகியவை இந்த ரகம். நீங்கள் டிசைனை ஏற்றினால் போதும். அச்சு, பேக்கிங், டெலிவரி, வாடிக்கையாளர் புகார் எல்லாம் அவர்கள் பொறுப்பு. விற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை உங்களுக்கு வரும். கையை விட்டுப் பணம் போகாது. ஆனால் உங்களைப்போல் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் டிசைன் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அமேசான் மெர்ச்சில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். கிடைத்த பிறகும் ஆரம்பத்தில் பத்து டிசைன்களுக்குத்தான் இடம். விற்க விற்கத்தான் இடம் கூடும். வாங்குபவர்களும் பெரும்பாலும் வெளிநாட்டினர். அவர்களுக்கு எது சிரிப்பூட்டும் என்பது நமக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது வழி, அச்சடிப்பவர் ஒருவர், விற்கும் இடம் வேறு. திருப்பூர், சென்னை போன்ற ஊர்களில் பிறருக்காக ஒற்றைச் சட்டைகூட அச்சடித்து, அவர்கள் கடைப்பெயரிலேயே பேக் செய்து அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களோடு கணக்கு தொடங்கிக்கொண்டு, அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்ற ஆன்லைன் சந்தைகளிலோ, சொந்த இணையதளத்திலோ, இன்ஸ்டாகிராமிலோ விற்கலாம். விலையை நீங்கள் வைக்கலாம். அதேபோல் நஷ்டமும் உங்களுடையது.

வெளிநாட்டுச் சந்தையான எட்ஸியில் ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட் கட்டணம். விற்றால் 6.5 சதவீதம் தனி. பணம் கைக்கு வருவதற்குள் வேறு கட்டணங்களும் உண்டு. அச்சடித்துக் கொடுப்பது யார் என்பதையும் அங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

599 ரூபாய் எங்கே போகிறது?

இனி கணக்குக்கு வருவோம். இது ஓர் உதாரணக் கணக்குதான். நீங்கள் சேரும் இடத்தைப் பொறுத்து எண்கள் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

ஒரு டி-ஷர்ட்டை 599 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

* ஜி.எஸ்.டி. 5 சதவீதம்: சுமார் 29 ரூபாய்
* சட்டையும் அச்சும்: 290 ரூபாய்
* கூரியர், பேக்கிங்: 80 ரூபாய்
* ஆன்லைன் சந்தையின் கமிஷன், கட்டணங்கள்: 90 ரூபாய்

எல்லாம் போக மீதி 110 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றுகிறதா? பொறுங்கள், இன்னும் இரண்டு செலவுகள் பாக்கி இருக்கின்றன.

ஒன்று, விளம்பரம். கோடிக்கணக்கான பொருட்களுக்கு நடுவே உங்கள் சட்டை தானாகக் கண்ணில் படாது. ஒரு சட்டை விற்க 60 ரூபாய் விளம்பரத்துக்குப் போனால், 110 ரூபாய் 50 ரூபாயாகச் சுருங்கிவிடும்.

இன்னொன்று, திரும்பி வரும் பார்சல்.

இந்த ஆர்.டி.ஓ. வேறு!

ஆன்லைனில் விற்பவர்களிடம் 'ஆர்.டி.ஓ.' என்று சொல்லிப் பாருங்கள், முகம் வாடிவிடும். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போகும் ஆர்.டி.ஓ. அல்ல இது. அனுப்பிய பார்சலை யாரும் வாங்காமல், அனுப்பிய இடத்துக்கே திரும்பி வருவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். பொருள் கைக்கு வந்ததும் பணம் தரும் 'கேஷ் ஆன் டெலிவரி' ஆர்டர்களில் இது அதிகம். ஆர்டர் போட்டவர் மனம் மாறியிருப்பார். வீட்டில் ஆள் இருக்காது. 'யார் இதையெல்லாம் ஆர்டர் பண்ணச் சொன்னது' என்று வீட்டில் சண்டை நடந்திருக்கும்.

பத்து சட்டை அனுப்பி, எட்டு விற்று, இரண்டு திரும்பி வந்தால் என்ன ஆகும்? எட்டு சட்டையில் லாபம், 110 வீதம் 880 ரூபாய். திரும்பி வந்த ஒவ்வொரு சட்டைக்கும் தயாரிப்புச் செலவு 290, போன கூரியர் 80, வந்த கூரியர் 70. ஆகமொத்தம் 440 ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து 880 ரூபாய்.

எட்டு சட்டையின் லாபத்தை இரண்டு சட்டை சாப்பிட்டுவிட்டது. மீதி பூஜ்யம். விளம்பரச் செலவை இதில் சேர்க்கவே இல்லை.

மளிகைக்கடை என்றால் திரும்பி வந்த பருப்பை வேறு ஒருவருக்கு விற்றுவிடலாம். பொதுவான வாசகம் போட்ட சட்டையையும் அதே அளவில் இன்னொருவர் கேட்கும்வரை வைத்திருக்கலாம். ஆனால் 'ஹேப்பி பர்த்டே' என்று ஒரு குழந்தையின் பெயரும் படமும் போட்ட மக்கை யாருக்கு விற்பது? இந்த வியாபாரத்தின் அருமையும் அதுதான், ஆபத்தும் அதுதான். ஒருவருக்காகவே செய்த பொருள், அவருக்கு மட்டும்தான் விலைபோகும்.

அதனால் அனுபவசாலிகள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பெயர், புகைப்படம் போட்ட பொருட்களுக்கு முன்பணம் வாங்காமல் வேலையைத் தொடங்குவதில்லை. அச்சுக்குப் போகும் முன் டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'பெயரில் எழுத்துப் பிழை இல்லையே, பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்டு, சரி என்ற பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்கிறார்கள். பத்தில் ஒன்றுதான் திரும்புகிறது என்ற நிலைக்கு வந்தால், மேலே பார்த்த அதே கணக்கில் 550 ரூபாய் மிஞ்சும்.

சட்டையில் இன்னொரு தலைவலி அளவு. 'எல்' என்பது கம்பெனிக்கு கம்பெனி வேறுபடும். எல், எக்ஸ்.எல் என்று மட்டும் போடாமல், மார்புச் சுற்று எத்தனை அங்குலம், உயரம் எத்தனை அங்குலம் என்று தமிழில் ஓர் அட்டவணை போடுங்கள். 'வீட்டில் உள்ள சட்டையை விரித்து வைத்து அளந்து பாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால், திரும்பி வருவது குறையும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பொருள் பழுதாக இருந்தாலோ, காட்டியது ஒன்று அனுப்பியது ஒன்றாக இருந்தாலோ, விற்றவர் திரும்ப வாங்கிக்கொள்ள மறுக்க முடியாது. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன.

எந்த அங்கிளுக்கு இந்த மக்?

சரி, எதை விற்றால் போகும்? 'நம்பர் ஒன் அப்பா' மக்கை ஆயிரம் பேர் விற்கிறார்கள். அங்கே போட்டி போட்டால் விலையைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

ஆங்கிலத்தில் 'பெஸ்ட் அங்கிள்' என்று ஒரு மக் போதும். நம் வீட்டில் போதுமா? தாய்மாமா, சித்தப்பா, பெரியப்பா, அத்தை மாமா என்று ஒவ்வொருவரும் வேறு. காதுகுத்துக்கு மடியில் உட்காரவைத்துக்கொள்ளும் தாய்மாமனுக்கு அங்கிள் மக் கொடுத்தால் அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார், ஆனால் மனதில் ஒட்டாது. 'எங்க தாய்மாமன் சீர் கொண்டுவந்தாச்சு' என்று போட்டால் அந்த மக் ஷோகேஸுக்குப் போகும். அண்ணி, நாத்தனார், சம்பந்தி, ஓரகத்தி என்று நம் உறவு முறைகளில் இன்னும் யாரும் தொடாத சொற்கள் எவ்வளவோ இருக்கின்றன. கொங்கு வட்டாரத்தில் அப்பாவின் அம்மாவை அப்பத்தா என்பார்களா, ஆத்தா என்பார்களா என்று அந்தந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். வெளியூர் கம்பெனியால் போட்டி போட முடியாத இடம் இது.

குடும்ப விழாக்கள் இன்னொரு நல்ல வாய்ப்பு. அறுபதாம் கல்யாணம், பள்ளித் தோழர்கள் சந்திப்பு, குலதெய்வக் கோயில் பயணம், தெரு கிரிக்கெட் டீம். நாற்பது சட்டை ஒரே ஆர்டர். சட்டையும் அச்சும் 260, மொத்தமாக அனுப்புவதால் சட்டைக்குக் கூரியர் 20 என்று வைத்து, 400 ரூபாய்க்குக் கொடுத்தால் சட்டைக்கு 120 வீதம் 4,800 ரூபாய் நிற்கும். அளவுப் பட்டியலை முன்கூட்டியே வாங்கி, பாதிப் பணம் முன்பணமாகப் பெற்றுவிட்டால் திரும்பி வரும் பேச்சே இல்லை. ஆன்லைன் கடை முகத்தைக் காட்ட. இப்படிப்பட்ட ஆர்டர்கள் வயிற்றைப் பார்க்க!

நாள்காட்டியும் கையில் இருக்கட்டும். செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்கான மக்கை செப்டம்பர் 1-ம் தேதி ஏற்றிப் பயனில்லை. அச்சுக்கு இரண்டு மூன்று நாள், கூரியருக்கு நாலைந்து நாள் போய்விடும். ஒன்றரை மாதம் முன்பே டிசைன் கடையில் இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்து உடையும், ஜாக்கிரதை!

செல்போன் திரையில் அழகாக இருந்த தமிழ், சட்டையில் கோணல் மாணலாக வருவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் விபத்து. 'கொ' என்ற எழுத்தில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். புள்ளி தள்ளிப்போய் நிற்கும். சில டிசைன் மென்பொருட்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காமல் விட்டால் இப்படி ஆகும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் தமிழ் வாசகத்தோடு படம் கேட்டாலும் பல நேரம் எழுத்தே இல்லாத எழுத்துகளை வரைந்து தரும். படத்தை வேண்டுமானால் அதில் வாங்கிக்கொண்டு, எழுத்தை நீங்களே தட்டச்சு செய்து சேர்ப்பது நல்லது. எழுத்தைப் படமாக மாற்றிய பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். அதை அச்சகத்தார் திறக்கும்போது எழுத்துரு இல்லை என்ற பிரச்னை வராது.

எழுத்துருவுக்கும் உரிமை உண்டு. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் வியாபாரத்துக்கும் இலவசம் அல்ல. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்றவற்றை வியாபாரத்துக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

படத்தின் தரமும் முக்கியம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது அச்சுக்கான பொதுவான அளவு. 12 அங்குல அகலம், 16 அங்குல உயரத்தில் படம் வேண்டுமென்றால் 3,600-க்கு 4,800 பிக்சல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த புகைப்படத்தை அப்படியே பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். வாடிக்கையாளரிடம் படம் கேட்கும்போது, 'டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்' என்று சொல்லிவிடுங்கள். தரம் குறையாமல் வரும். பின்புலம் இல்லாத பி.என்.ஜி. கோப்பாக டிசைன் இருக்கட்டும். இல்லாவிட்டால் கறுப்புச் சட்டையில் வெள்ளைச் சதுரமும் சேர்ந்து அச்சாகிவிடும்.

தலைவர் படம் போடலாமா?

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 'ஹீரோ படம் போட்டால் நாலே நாளில் நூறு விற்கும்' என்று தோன்றும். விற்கவும் செய்யலாம். புகார் வந்தால் சட்டையோடு சேர்ந்து உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். வர வேண்டிய பணமும் நின்றுபோகலாம்.

பிரபலங்களின் பெயர், உருவம், பாணிக்கு உரிமை உண்டு என்பதை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. தன் பெயரை அனுமதியின்றிப் பயன்படுத்திய ஓர் இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில், 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கார்ட்டூன் பாத்திரங்கள், கிரிக்கெட் அணிகளின் சின்னங்கள், திரைப்பட போஸ்டர்கள் ஆகியவற்றுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

சாதாரணமாகத் தோன்றும் ஒரு வாசகத்தைக்கூட யாராவது வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்திருக்கலாம். இந்திய அரசின் அறிவுசார் சொத்துரிமைத் தளத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். ஆடைகள் 25-ம் வகுப்பிலும், மக் போன்றவை 21-ம் வகுப்பிலும் வரும்.

அப்படியானால் எதைத்தான் போடுவது? நம் வீட்டுச் சொத்து ஏராளமாக இருக்கிறது. திருக்குறளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஓர் எழுத்தாளரின் படைப்புக்கு அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. பாரதியார் மறைந்தது 1921-ல். அது மட்டுமல்ல, அவர் படைப்புகளின் உரிமையை 1949-லேயே அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கி, பிறகு மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. பழமொழிகள், கோலங்கள், விடுகதைகள் எல்லாமே எல்லோருக்கும் பொது. ஆனால் பாரதியார் படம் என்று இன்றைய ஓர் ஓவியர் வரைந்ததை இணையத்தில் எடுத்துப் போட்டால், அது அந்த ஓவியரின் உழைப்பைத் திருடுவது.

சுதந்திர தினத்துக்கு தேசியக்கொடி போட்ட பொருட்கள் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மெத்தைத் திண்டு, கைக்குட்டை, உள்ளாடை, உடைத் துணி போன்றவற்றில் கொடியை அச்சிடுவதை தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. கொடிக்குப் பதில் பாரதியின் ஒரு வரியைப் போட்டுவிடலாம்.

கம்ப்யூட்டரிடம் விட்டால்…

'ஆயிரம் டிசைன் ஏற்றினால் அதில் பத்தாவது விற்காதா?' என்று நினைப்பவர்களுக்கு 2013-ல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-ல், மக்களுக்குத் தைரியம் சொல்ல பிரிட்டிஷ் அரசு ஒரு போஸ்டர் தயாரித்தது. 'பதற்றமின்றி இருங்கள், தொடர்ந்து செயல்படுங்கள்' என்பது அதன் பொருள். அப்போது அது பெரிதாக வெளியே வரவில்லை. 2000-ல் இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஒரு பழைய புத்தகக்கடையில் ஒரு பிரதி கிடைத்தது. பிறகு உலகம் முழுக்கப் பிரபலமானது. அந்த வாசகத்தை வைத்து ஆயிரக்கணக்கான கேலி டி-ஷர்ட்கள் வந்தன.

ஒரு டி-ஷர்ட் நிறுவனம் இதைக் கம்ப்யூட்டர் நிரலிடம் ஒப்படைத்தது. அகராதியிலிருந்து சொற்களை எடுத்து, அந்த வாசகத்தோடு சேர்த்து, லட்சக்கணக்கில் டிசைன்களைத் தானாகவே அமேசானில் ஏற்றியது அந்த நிரல். ஆர்டர் வந்தால்தானே அச்சடிக்கப் போகிறோம், பட்டியலில் கிடந்தால் என்ன செலவு? ஆனால் அந்தச் சொற்களில், பெண்கள்மீதான பாலியல் வன்முறையைத் தூண்டும் சொல்லும் இருந்தது. 2013 மார்ச்சில் யாரோ அதைப் பார்த்தார்கள். உலகமே கொதித்தது. அந்த வாசகத்தில் ஒரு சட்டைகூட அச்சடிக்கப்படவில்லை என்று நிறுவனம் விளக்கம் சொல்லி மன்னிப்பு கேட்டது. கெட்ட பெயர் கெட்ட பெயர்தான், விற்பனை சரிந்தது.

சரக்கு இல்லாத கடையில் உங்களுடையது என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான்: என்ன எழுதுகிறோம், யாருக்காக எழுதுகிறோம் என்ற அக்கறை. மெஷின் வேறு ஒருவருடையது, துணி வேறு ஒருவருடையது, கூரியர் வேறு ஒருவருடையது. அந்த அக்கறையையும் வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டால் கடையில் நம் பங்கு என்று எதுவும் மிஞ்சாது.

வரிக் கணக்கு

சரக்குகளுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை என்பது பொது விதி. ஆனால் ஆன்லைன் சந்தை வழியாக வெளிமாநிலத்துக்கு விற்றால், ஒரே ஒரு சட்டை விற்றாலும் பதிவு கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் 1 முதல் விலக்கு உண்டு. அதற்கும் ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும்.

2,500 ரூபாய் வரையிலான ஆடைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஆன்லைன் சந்தைகள் உங்கள் பணத்தில் சிறு தொகையை வரியாகப் பிடித்தம் செய்யலாம். அது போன பணம் அல்ல. கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். தொடங்கும் முன் ஓர் ஆடிட்டரிடம் அரை மணி நேரம் பேசிவிடுவது நல்லது.

யாருக்குப் பணம் கொடுக்கக் கூடாது?

இந்த வியாபாரத்தைத் தொடங்க டெபாசிட் எதுவும் தேவையில்லை. 'உங்களுக்கு விற்பனையாளர் கணக்கு திறந்து தருகிறோம், 15,000 ரூபாய் கட்டுங்கள்', 'ஆர்டர் உறுதி, மாதச் சம்பளம் உறுதி' என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். பெரிய சந்தைகளில் விற்பனையாளர் கணக்கை நீங்களே, கட்டணமின்றித் திறக்கலாம். ஓ.டி.பி., வங்கி பாஸ்வேர்டு எதையும் யாரிடமும் சொல்லாதீர்கள். பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

ஆயிரக்கணக்கில் கொடுத்து ஆன்லைன் வகுப்பில் சேரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'நீங்கள் விற்ற சட்டையில், திரும்பி வந்தது போக எவ்வளவு நின்றது?' விற்பனைத் தொகையை மட்டும் ஸ்கிரீன்ஷாட்டில் காட்டுபவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார்கள்.

முதல் மூன்று மாதம் இப்படிப் போகலாம்

* முதல் மாதம்: பத்து டிசைன் மட்டும் செய்யுங்கள். அதில் நல்ல மூன்றை உங்கள் செலவில் அச்சடித்து வாங்குங்கள். ஐந்து முறை துவையுங்கள். உரிகிறதா, சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று பாருங்கள்.
* வீட்டில் ஒருவரை அந்தச் சட்டையைப் போடவைத்து, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். கம்ப்யூட்டரில் ஒட்டிய மாதிரிப் படத்தைவிட இது நம்பிக்கை தரும். 'காட்டியது வேறு' என்ற புகாரும் வராது.
* இரண்டாம் மாதம்: தெரிந்தவர்களுக்கு, சொந்த ஊர் வாட்ஸ்அப் குழுக்களுக்கு விற்றுப் பாருங்கள். இலவசமாகக் கொடுக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கினால்தான் உண்மையான கருத்து வரும்.
* மூன்றாம் மாதம்: ஆன்லைன் சந்தையில் ஏற்றுங்கள். விளம்பரத்துக்கு ஒரு தொகையை முடிவு செய்து, அதைத் தாண்டாதீர்கள்.
* ஒரு நோட்டில் விற்றது, திரும்பியது, கூரியர், விளம்பரம் என நான்கு கட்டம் போட்டு தினமும் எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டு சொல்வதுதான் உண்மை.

மூன்று மாதத்தில் நோட்டு நஷ்டம் என்று சொன்னால், சில ஆயிரம் ரூபாயோடு நிறுத்திக்கொள்ளலாம். மெஷின் வாங்கி, கடை எடுத்து, கடனில் மாட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். இந்தத் தொழில் தரும் பெரிய சலுகையே அதுதான்.

நோட்டு லாபம் என்று சொன்னால், அது மாதம் லட்சமாக இருக்காது. பிள்ளையின் ஸ்பெஷல் கிளாஸ் ஃபீஸாகவோ, கேஸ் சிலிண்டர் காசாகவோ இருக்கலாம். யாரிடமும் கேட்காமல் கைக்கு வரும் காசு அது. கும்பகோணத்தில் யோசித்த ஒரு வரியை நெஞ்சில் சுமந்துகொண்டு, சென்னையில் ஒரு சித்தப்பா தெருவில் நடந்து போவார். அந்த வரிக்காக வந்த 110 ரூபாய் உண்மையிலேயே கையில் நிற்கிறதா என்று அந்த நோட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.